பாக்கெட்டில் எத்தனை நிலா?

1899-ம் வருடம். நியூயார்க்கில் ஒரு சின்ன கம்பெனி, தன் சரக்குகளையெல்லாம் பட்டியல் போட்டு ஒரு கேட்லாக் வெளியிட்டது. அட்டையில் பைபிளின் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு வாசகம். உலகத்தைப் படைக்கும்போது கடவுள் வெளிச்சத்தை வரவழைத்தாரே, அதே வாசகம்.

தைரியசாலிகள்தான். அப்படி என்ன பிரமாதமான சரக்கு?

ஒரு காகித அட்டைக் குழாய். உள்ளே ஒன்றன் பின் ஒன்றாக பேட்டரிகள். முனையில் குட்டியாக ஒரு பல்பு. அதைச் சுற்றி சுமாராக வளைத்த பித்தளை ரிஃப்ளெக்டர். அவ்வளவே. டார்ச் லைட்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கடவுளைத் துணைக்கு அழைத்த அந்த விளக்கு தொடர்ந்து எரியவே எரியாது. சில விநாடிகள் பளிச். உடனே கையை எடுத்துவிட வேண்டும். அன்றைய பேட்டரிகள் அத்தனை சோனி. கார்பன் இழை பல்போ மின்சாரத்தை வாரிக் குடிக்கும் ரகம். கொஞ்சம் மூச்சு வாங்க விட்டால்தான் பேட்டரி மறுபடி வேலை செய்யும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்கு 'ஃப்ளாஷ்லைட்' என்று பெயர் வைத்தார்கள். மின்னி மறையும் விளக்கு. நேர்மையான பெயர். பிரிட்டிஷ்காரர்கள்தான் கூச்சமே இல்லாமல் 'டார்ச்' என்றார்கள். டார்ச் என்றால் தீவட்டி! நமக்கு வந்து சேர்ந்தது அந்தப் பெயர்தான்.

ஆக, டார்ச் லைட் பிறந்த அன்றே ஒரு பஞ்சாயத்தும் சேர்ந்து பிறந்துவிட்டது. பெட்டிமேல் சொல்வது ஒன்று, இருட்டில் தெரிவது வேறொன்று. இந்தப் பஞ்சாயத்தில் ஒரு தீர்ப்பு வர, 110 வருடங்கள் ஆயின. தீர்ப்புக்கு அளவுகோலாக வந்து நின்றது, நம்ப மாட்டீர்கள், பௌர்ணமி நிலா.

முதலில் அந்த கம்பெனி முதலாளியைப் பார்த்துவிடுவோம். பெயர் கான்ராட் ஹ்யூபர்ட். பிறந்தபோது வைத்த பெயர் ஆகிபா ஹோரோவிட்ஸ். ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து 1891-ல் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த யூதர். பேட்டரியில் எரியும் பூந்தொட்டி, பேட்டரியில் எரியும் டை பின் என்று மினுக்கு சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் வந்து சேர்ந்தார் டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர். குழாய் விளக்கு இவருடைய மூளை. 1899 ஜனவரி 10-ம் தேதி அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உரிமை கம்பெனிக்கு. பணமும் பெயரும் பின்னாளில் ஹ்யூபர்ட்டுக்கு. கண்டுபிடித்தவரைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. வழக்கமான கதை.

சரக்கு தயார். எப்படி விற்பது? 'இது நல்லா எரியும்' என்று முதலாளியே சொன்னால் யார் நம்புவார்கள்? சில டார்ச்சுகளை நியூயார்க் போலீஸ்காரர்களின் கையில் கொடுத்தார்கள். 'உபயோகித்துப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.' போலீஸ்காரர்களும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு விளம்பரமானது. டார்ச் லைட்டை முதலில் 'ரெவ்யூ' செய்தவர்கள் ராத்திரி ரோந்து போன போலீஸ்காரர்கள்தான்.

சில விநாடி எரியும் விளக்கில் அவர்கள் எதைக் கண்டு மயங்கியிருப்பார்கள்? அதுவரை ரோந்துக்குக் கையில் இருந்தது எண்ணெய் லாந்தர். தீக்குச்சி வேண்டும். காற்றடித்தால் அணையும். சுடும், நாறும், புகையும். கீழே விழுந்தால் தீப்பிடிக்கும். டார்ச்சில் இது எதுவும் இல்லை. ஒரே அழுத்து, வெளிச்சம். பிரகாசத்தில் அது லாந்தரை அடித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஜெயித்தது சுலபத்தில். இதை மனதில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

அதற்கப்புறம் வளர்ச்சி மளமளவென்று. 1903-ல் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைத்த டார்ச்சுக்கு ஹ்யூபர்ட் காப்புரிமை வாங்கினார். கார்பன் இழை போய் டங்ஸ்டன் இழை வந்தது. பேட்டரிக்கும் தெம்பு கூடியது. பளிச்சென்று மின்னி மறைந்த விளக்கு, நின்று எரிய ஆரம்பித்தது.

பேட்டரி செய்துவந்த நேஷனல் கார்பன் கம்பெனி, 1906-ல் ஹ்யூபர்ட் கம்பெனியில் பாதியை வாங்கியது. 1914-ல் மிச்சத்தையும். அந்த நேஷனல் கார்பன் 1917-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து யூனியன் கார்பைடு ஆனது. ஆமாம், அதே யூனியன் கார்பைடுதான். நம் வீட்டு எவரெடி டார்ச்சும், 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயு கசிந்த தொழிற்சாலையும் ஒரே இந்தியக் கம்பெனியின் சொத்துகள். 1994-ல் அது கைமாறிய பிறகு, எவரெடி என்ற பெயர் மட்டும் நிலைத்தது. வெளிச்சத்தின் வரலாற்றில் இப்படி ஒரு இருட்டும் உண்டு.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். ஒரு டார்ச்சின் வெளிச்சத்தை எப்படி அளப்பது?

மனிதனுக்குத் தெரிந்த பழைய அளவுகோல், மெழுகுவர்த்தி. 1860-ல் பிரிட்டனில் தெருவிளக்கு எரிவாயுவுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். அதில் மெழுகுவர்த்திக்கே இலக்கணம் எழுதினார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகால் செய்திருக்க வேண்டும். ஆறு வர்த்தி ஒரு பவுண்டு எடை. ஒரு மணி நேரத்தில் 120 கிரெயின், அதாவது எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவாக எரிய வேண்டும். அது தரும் வெளிச்சம் ஒரு கேண்டில்பவர். திமிங்கிலங்கள் தப்பித்து, இன்று நாம் பயன்படுத்தும் கேண்டெலா என்ற அளவு வந்தது 1948-ல். மதிப்பு கிட்டத்தட்ட அதே மெழுகுவர்த்திதான்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஒரு கணக்கு. பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சியடித்துப் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடும். அது வேறு கணக்கு. தண்ணீர் கூடவில்லை, பாய்ச்சல்தான் கூடியது. வெளிச்சத்தில் மொத்தத் தண்ணீருக்குப் பெயர் லூமென். பாய்ச்சலுக்குப் பெயர் கேண்டெலா.

நம் வீட்டில் இருந்த இரண்டு கட்டை டார்ச்சின் பழைய பல்பு மொத்தமாகத் தந்தது சுமார் 10 லூமென். ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லூமென். நம்ப முடிகிறதா? இருட்டில் கிணற்றடி வரை காட்டிய அந்த டார்ச்சில் இருந்தது, மொத்தத்தில் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம்கூட இல்லை! மெழுகுவர்த்தி எல்லாப் பக்கமும் இறைப்பதை, ரிஃப்ளெக்டர் ஒரே பக்கம் திரட்டி அனுப்பியது. டார்ச்சின் சாமர்த்தியமே அந்த வளைந்த தகட்டில்தான் இருந்தது.

இந்தச் சாமர்த்தியம் வியாபாரிகளுக்குப் புரியாமல் இருக்குமா? கேண்டில்பவர் என்பது கற்றையின் மிகப் பிரகாசமான ஒரு புள்ளியை மட்டும் அளப்பது. கற்றையைக் குறுக்கினால் போதும், பல்பை மாற்றாமலேயே எண் எகிறும். அப்படித்தான் 'பத்து லட்சம் கேண்டில்பவர்', 'இருபது லட்சம் கேண்டில்பவர்' என்று பெட்டிகள் வந்தன. யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், எத்தனை நிமிடம் அந்த வெளிச்சம் இருந்தது? மூச்.

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் ஒரு பேலன்ஸ் ஷீட் வாடை அடிக்கிறது. விற்றுமுதலைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். லாபம் என்ன, கடன் என்ன என்பதெல்லாம் பொடி எழுத்தில் அடிக்குறிப்பில் இருக்கும். இங்கே அடிக்குறிப்பே கிடையாது.

வெளிச்சம் அதிகம் என்றாலே உசத்தி என்ற நினைப்பையும் சரித்திரம் ஒரு முறை தலைகீழாகப் போட்டது. 1939 செப்டம்பரில் பிரிட்டனில் இருட்டடிப்பு. ஜெர்மன் விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாது. தெருவிளக்கு கிடையாது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. ராத்திரி சாலையில் கார் மோதிச் செத்தவர்களின் எண்ணிக்கை எகிறியது. ஜனங்கள் டார்ச்சுக்கும் 8-ம் நம்பர் பேட்டரிக்கும் அலைந்தார்கள். கடைகளில் ஸ்டாக் தீர்ந்தது. கிடைத்தவர்களுக்கும் ஒரு நிபந்தனை. டார்ச் முகப்பில் மெல்லிய வெள்ளைத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்ட வேண்டும். தரையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அங்கே நல்ல டார்ச் என்றால் மங்கலாக எரிகிற டார்ச். ஓரடி முன்னால் பள்ளம் இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

அதே போரில் ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில் பேட்டரிக்கே வழியில்லை. பிலிப்ஸ் கம்பெனியின் கை டைனமோ டார்ச் அங்கே கைகொடுத்தது. கையால் அமுக்க அமுக்க உள்ளே டைனமோ சுற்றி விளக்கு எரியும். 'கிர்ர்... கிர்ர்...' என்று சத்தம் வரும். டச்சுக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயருக்கு 'பிதுக்கும் பூனை' என்று அர்த்தம். விரல் வலிக்கும். ஆனால் ஒருபோதும் தீராது. இதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? பிரகாசத்தை மட்டும் பார்த்தால் ஃபெயில். போர்க்காலத்தில் டிஸ்டிங்ஷன்.

போர் முடிந்தும் டார்ச்சின் உள்விவகாரம் பெரிதாக மாறவில்லை. 1979-ல் அமெரிக்காவில் டோனி மாக்லிகா கொண்டுவந்த மேக்லைட், அலுமினிய உடம்போடு போலீஸ்காரர்களின் இடுப்பில் ஏறியது. 1984-ல் அதன் பேனா பேட்டரிக் குட்டித் தம்பி, மினி மேக்லைட் வந்தது. தலையைத் திருகினால் கற்றை விரியும், குறுகும். உடம்பு மாறியதே தவிர, உள்ளே எரிந்தது இழை பல்புதான். ஒரு வாட் மின்சாரம் கொடுத்தால் பழைய டார்ச் பல்பு தந்தது எட்டு லூமென் அளவு. பாக்கியெல்லாம் சூடு.

பூகம்பம் வந்தது ஜப்பானில். 1993-ல் நிச்சியா கம்பெனியின் ஷுஜி நாகமுரா, பளீரென்று எரியும் நீல எல்.ஈ.டி.யை அறிமுகப்படுத்தினார். நீலத்தின் மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் ரெடி. இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரோடு சேர்த்து அவருக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு வாட்டுக்கு 100 லூமெனைத் தாண்டும் எல்.ஈ.டி.க்கள் சர்வசாதாரணம். லித்தியம் பேட்டரியும் கூட்டுச் சேர்ந்துகொள்ள, விரல் நீள டார்ச் அந்தக் கால அஞ்சு கட்டை டார்ச்சைத் தூக்கிச் சாப்பிட்டது.

கூடவே பொய்யும் விஸ்வரூபம் எடுத்தது. முன்பு கேண்டில்பவர், இப்போது லூமென். எல்.ஈ.டி. தயாரித்தவர் சோதனைச்சாலையில் சொன்ன எண்ணையே பெட்டியில் போட்டார்கள். கண்ணாடியிலும் ரிஃப்ளெக்டரிலும் வீணாவதைக் கழிக்கவில்லை. சிலர் கழித்தல் என்ன, கணக்கே போடவில்லை. மனசுக்குத் தோன்றிய எண்தான்.

இங்கேதான் ஒரு பொருளாதாரப் பாடம். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பேராசிரியர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை கார் என்று வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் நல்ல விலை தர மாட்டான். நல்ல கார் வைத்திருப்பவன் 'எனக்கென்ன தலையெழுத்து' என்று சந்தையை விட்டே போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டைகள். 2001-ல் அகர்லாஃப் நோபல் பரிசு வாங்க இந்தக் கட்டுரை முக்கிய காரணம்.

டார்ச் சந்தையிலும் அதே கதை. உண்மையாக 100 லூமென் என்று போட்டவன், பொய்யாக 500 என்று போட்டவனிடம் தோற்றான். கடைசியில் போட்டிக் கம்பெனிகளே ஒரே மேஜையில் உட்கார்ந்தன. 2009-ல் அமெரிக்காவில் ஒரு தர அளவு வெளியானது. பெயர் எஃப்.எல்.1. இப்போதும் நல்ல டார்ச் பெட்டிகளில் சின்னச் சின்னப் படங்களோடு சில எண்கள் இருக்கும், பாருங்கள். அதன் உபயம்தான்.

அதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? லூமெனைப் பல்பில் அளக்கக் கூடாது. டார்ச்சை விட்டு வெளியே வரும் மொத்த வெளிச்சத்தை அளக்க வேண்டும். அதுவும் சுவிட்ச் போட்ட முதல் விநாடியில் அல்ல. 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்குள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்தாலும் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் தாங்குமா என்பதற்குத் தனிச் சோதனை.

எல்லாவற்றையும்விட அழகானது, தூரக் கணக்கு. 'இந்த டார்ச் 100 மீட்டர் அடிக்கும்' என்றால் என்ன அர்த்தம்? வெளிச்சம் எங்கேயும் சட்டென்று நின்றுவிடாதே. எந்த இடத்தில் கோடு கிழிப்பது? அவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். மேகமில்லாத ராத்திரி, திறந்த வெளி, பௌர்ணமி. அப்போது தரையில் விழும் வெளிச்சம் சுமார் கால் லக்ஸ். டார்ச்சின் வெளிச்சம் எத்தனை மீட்டரில் அந்தக் கால் லக்ஸ் அளவுக்குக் குறைகிறதோ, அதுதான் அதன் தூரம்.

கணக்கு ரொம்ப சுலபம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வந்துவிடும். மெழுகுவர்த்தி ஒரு கேண்டெலா, ஆக 2 மீட்டர். 2,500 கேண்டெலா டார்ச் 100 மீட்டர். 200 மீட்டர் வேண்டுமா? 5,000 போதாது, 10,000 கேண்டெலா தேவை. தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால், பாய்ச்சல் நாலு மடங்காக வேண்டும். நம் கண்ணும் இதே மாதிரி ஒரு கஞ்சன். இரண்டு மடங்கு பிரகாசம் என்று அது ஒப்புக்கொள்ள, வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்காக வேண்டும். 100 லூமெனுக்கும் 120 லூமெனுக்கும் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அதனால் பெட்டியில் 100 மீட்டர் என்று இருந்தால் 50 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு நிலா வெளிச்சம் இருக்கும். உருப்படியாகப் பார்க்கலாம்.

அப்போ பஞ்சாயத்து தீர்ந்ததா? ம்ஹூம். சட்டம் என்று ஒன்று வந்தாலே சந்தும் வந்துவிடுமே.

'எத்தனை மணி நேரம் எரியும்' என்ற எண்ணைப் பாருங்கள். ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம் அது. 1,000 லூமென், 3 மணி நேரம் என்று போட்டிருந்தால், 3 மணி நேரமும் 1,000 என்று அர்த்தமில்லை. குட்டி டார்ச் 1,000 லூமெனில் நின்றால் கை சுட்டுவிடும். அதனால் சில நிமிடங்களிலேயே தானாக 300-க்கு இறங்கிக்கொள்ளும். மிச்ச நேரமெல்லாம் அந்த 300-ல் ஓடும். இரண்டு எண்ணும் சத்தியம். சேர்த்துப் படித்தால் பொய். தவிர, இது கட்டாயச் சட்டமும் இல்லை. விருப்பப்பட்ட கம்பெனி மட்டும் பின்பற்றலாம்.

இந்தச் சந்து யாரைக் கடிக்கும் என்பதுதான் விஷயம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் விளக்கு, போனோடு சேர்ந்து செத்தது. அப்போது தேவைப்பட்டது 1,000 லூமென் இல்லை. மாடிப்படியில் தண்ணீர் எத்தனாவது படிக்கு வந்திருக்கிறது என்று பார்க்கும் அளவுக்கு, பத்து இருபது லூமென், ராத்திரி முழுக்க. பெட்டியில் பெரிதாகப் போட்ட எண்ணைப் பார்த்து வாங்கியவருக்கும், மிகக் குறைந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்று பொடி எழுத்தைப் படித்து வாங்கியவருக்கும் அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

அந்தத் தர அளவில் இன்னொரு ஓட்டையும் உண்டு. கைக்குச் சுலபமா என்பதற்கு அதில் எண்ணே கிடையாது. நியூயார்க் போலீஸ்காரர்கள் எதைப் பார்த்துப் பாராட்டியிருப்பார்களோ, அதை அளக்க இன்றுவரை ஒரு மீட்டர் வரவில்லை. நாம்தான் அளக்க வேண்டும். கடையிலேயே முடியும்.

கண்ணை மூடிக்கொண்டு டார்ச்சைக் கையில் வாங்குங்கள். கட்டைவிரல் தானாக சுவிட்சுக்குப் போகிறதா? ஒரே கையால் போட முடிகிறதா? ஈரக் கையில் வழுக்குமா? முதல் அழுத்தில் என்ன வருகிறது? நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவரின் முகத்தில் 1,000 லூமென் அறைந்தால், கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். மங்கலில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுவது உத்தமம். மூன்று மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் பிரகாசமான வட்டம், சுற்றிலும் மென்மையான வெளிச்சம் இருந்தால் நல்லது. நடுவில் வடை மாதிரி ஓட்டை விழுந்தால் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் புழங்க அகலமான கற்றை. தோட்டம், தெரு என்றால் குறுகலான கற்றை. வாலில் நிமிர்த்தி வைத்தால் நிற்கிறதா? கூரையில் அடித்துத் திரும்பும் வெளிச்சத்தில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடலாம். கடைசியாக, அதன் பேட்டரி நம் தெருமுனைக் கடையில் கிடைக்குமா?

இத்தனையும் சரியாக இருந்தால், லூமென் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தைரியமாக வாங்கலாம்.

பௌர்ணமியை அளவுகோலாக வைத்தவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். நிலாவுக்கு சுவிட்ச் தேடி யாரும் இருட்டில் தடவ வேண்டியதில்லை.